போர்முனையைக் கடந்த திராட்சை

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, எனக்கான நேரத்தையும் சேர்த்து எடுத்துக்கொண்டு அழகாகப் பேசி அமர்ந்த பேராசிரியர் அவர்களே, தோட்டக்கலை அறிந்த சான்றோர்களே, அனைவருக்கும் வணக்கம்.

மதுவின் புகழ் பாட நான் வரவில்லை. லெபனானில் ஹோஷார் குடும்பத்தார் நடத்தும் ஷத்தோ முசார் என்னும் ஒயின் ஆலையின் நொதிக்கும் முறை, குடும்ப நிர்வாகம், நாட்டுத் திராட்சை ஆகிய மூன்றையும் பற்றிப் பேச வந்திருக்கிறேன். ‘பொறுத்தார் பூமி ஆள்வார்’ என்பதை நான் எந்த மேடையிலும் சொல்லாமல் இறங்கியதில்லை.

1930ஆம் ஆண்டு காஸ்தோன் ஹோஷார் தொடங்கிய ஆலையில், 1959 முதல் அவருடைய மகன் செர்ஜ் ஒயின் தயாரிக்கலானார். அங்கே ஈஸ்ட்டை விலைக்கு வாங்கிச் சேர்ப்பதில்லை. பழத்தோடு வரும் ஈஸ்ட்டே சிமெண்ட் தொட்டியில் சாற்றை நொதிக்க வைக்கிறது. சிவப்பு ஒயின் ஓராண்டு ஓக் பீப்பாயில் இருந்து, கலக்கப்பட்டு, புட்டியில் மேலும் முதிர்ந்து, அறுவடைக்குப் பின் ஏழாம் ஆண்டில்தான் விற்பனைக்கு வருகிறது. பொறுத்தார் பூமி ஆள்வார்!

அவர்களுடைய பொறுமையைப் போரும் சோதித்தது. தோட்டங்கள் பெக்கா பள்ளத்தாக்கில். ஆலையோ மலைக்கு அப்பால் கசீரில். 1975இல் உள்நாட்டுப் போர் மூண்டது. 1976இல் ஒயினே தயாரிக்க முடியவில்லை. 1984இல் நடந்ததைக் கேளுங்கள். பழம் பறித்தாயிற்று, லாரிகளும் புறப்பட்டன, ஆனால் நேர்வழியில் சண்டை. ஓட்டுநர்கள் சுற்றிச் சுற்றிப் பல நாள் கழித்து வந்து சேர்ந்தபோது, திராட்சை ஆலைக்காகக் காத்திராமல் லாரியிலேயே நொதிக்கத் தொடங்கியிருந்ததாம்! நானாக இருந்தால் அந்த லாரியை அப்படியே திருப்பி அனுப்பியிருப்பேன். செர்ஜ் ஹோஷார் அந்தப் பழத்தையும் ஒயினாக்கினார். அதே ஆண்டில்தான் ‘டிகேன்டர்’ என்னும் ஒயின் இதழ் அவரை ஆண்டின் சிறந்த மனிதராக அறிவித்தது.

தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்ப்பதால், குடும்ப நிர்வாகத்தை விட்டுவிட்டு என் வழக்கமான வழக்குக்கு வருகிறேன். உலகச் சந்தை சார்டொனே என்னும் பிரெஞ்சுத் திராட்சையைக் கேட்கும் காலத்திலும், இவர்களுடைய வெள்ளை ஒயின் ஒபைதே, மெர்வா என்னும் லெபனான் நாட்டு ரகங்களாலேயே ஆகிறது. ஒட்டுக்கட்டாத பழங்கொடிகள், மலைச்சரிவில் சொந்த வேரில் நிற்கின்றன. அவற்றைப் பிடுங்கிவிட்டு, பெயர் பெற்ற பிரெஞ்சு ரகத்தை நடுவது வணிகத்துக்கு எளிதாக இருந்திருக்கும். பொறுத்தார் பூமி ஆள்வார் என்பது கொடிக்கும் பொருந்தும். ஆனால் அதைப் பிடுங்காமல் விட்டுவைக்க ஒரு குடும்பம் வேண்டும்.

ஆகவே, விலைபோகவில்லை என்ற ஒரே காரணத்துக்காக எந்த நாட்டு ரகத்தையும் வேரோடு அகற்றக் கூடாது என்னும் தீர்மானத்தை இந்த அவையின் முன் வைக்கிறேன். வழிமொழியப் பேராசிரியரை அழைக்கிறேன்.