பூசணிப் பிஞ்சு ஏன் பழுத்து விழுகிறது? ஒரு பூவுக்குள் நடப்பது

[காட்சி: விடிகாலை. கிளிநொச்சிப் பக்கத்து வளவு ஒன்று. வேலியோரம் படர்ந்த பூசணிக் கொடி. கமரா ஒரு பூவை நெருங்குகிறது.]

நேரம் காலை ஆறு மணி. இந்தப் பூ விரிந்து கொஞ்ச நேரம்தான் ஆகிறது. பத்து, பத்தரைக்குள் சுருங்கிவிடும். திரும்ப விரியாது. இதில் காய் வருமா வராதா என்பது இந்த நாலு மணித்தியாலத்துக்குள் முடிவாகிவிடும்.

"பூ நிறையப் பூக்குது, பிஞ்சும் பிடிக்குது, பிறகு மஞ்சளாகி விழுந்துபோகுது." வீட்டுத்தோட்டம் செய்பவர்களிடம் அடிக்கடி கேட்கிற குறை இது. நோய் என்று நினைத்து விடிய வெள்ளென மருந்து அடித்துவிடுகிறார்கள். அந்த நேரத்தில் பூவில் இருப்பது தேனீ. காய் பிடிக்க வைக்க வந்ததையே கொன்றுவிடுகிறோம்.

[காட்சி: விழுந்த பிஞ்சு ஒன்றைக் கத்தியால் நெடுக்காக வெட்டுதல். மிக அருகில்.]

மருந்துப் போத்தலை எடுக்க முதல் விழுந்த பிஞ்சை வெட்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளைப் புழு நெளிந்தால், தோலில் ஊசி குத்தியது போல ஒரு புள்ளி இருந்தால், அது பழ ஈயின் வேலை. புழு இல்லை, உள்ளே சுத்தமாக இருக்கிறது, விதை இருக்கவேண்டிய இடத்தில் மெல்லிய வெள்ளைச் செதில்கள்தான் தெரிகின்றன என்றால், மகரந்தம் போய்ச் சேரவில்லை. அதற்கு மருந்து கிடையாது.

[காட்சி: ஆண் பூவும் பெண் பூவும் பக்கத்தில் பக்கத்தில்.]

பூசணியில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. இரண்டும் ஒரே கொடியில்தான். நீண்ட மெல்லிய காம்பில் நேராக நிற்பது ஆண். காம்பு கட்டையாக, இதழுக்குக் கீழே சின்ன உருண்டையோடு இருப்பது பெண். "பிஞ்சு பிடித்தது" என்று நாங்கள் சொல்வது இந்த உருண்டையைப் பார்த்துத்தான். ஆனால் இது மொட்டிலேயே இருக்கிறது. இது சூலகம். மகரந்தம் வந்தபிறகுதான் பிஞ்சு. வராவிட்டால் நாலைந்து நாளில் மஞ்சளாகி விழும்.

ஆண் பூக்கள் ஒரு கிழமை, பத்து நாள் முந்தியே வரத் தொடங்கும். "வெறும் பூவாய்ப் பூக்குது" என்று அந்த நாட்களில் கவலைப்படத் தேவையில்லை. அதற்குப் பிறகும் பெண் பூவைக் காணவில்லை என்றால் யூரியா கூடிவிட்டதா என்று யோசியுங்கள். தழைச்சத்து மிஞ்சினாலும், வெக்கை கூடினாலும் ஆண் பூதான் பெருகும்.

[காட்சி: ஆண் பூவின் இதழை உரித்தல். மஞ்சள் தூள் விரலில் ஒட்டுகிறது.]

நடுவில் நிற்கிற தண்டு, கேசரங்கள் ஒன்றாகச் சேர்ந்தது. அதன் தலையில் இருப்பது மகரந்தக்கூடு. விரலை வைத்துப் பாருங்கள், தூள் பிசுபிசுவென்று ஒட்டும். பாரமான மகரந்தம், காற்றில் பறக்காது. ஒரு பூச்சியின் உடம்பில் ஒட்டித்தான் போகவேண்டும்.

பெண் பூவுக்குள் மூன்று மடலாகப் பிரிந்து தடித்திருப்பது குறி. அதற்குக் கீழே தம்பம், அதற்கும் கீழே சூலகம், அதற்குள் பிறகு விதையாகப்போகிற நூற்றுக்கணக்கான சூல்வித்துகள். ஒவ்வொரு சூல்வித்துக்கும் தனித்தனி மகரந்தமணி வேண்டும். 300 விதையோடு ஒரு காய் விளைந்தால், குறைந்தது 300 மகரந்தமணிகள் குழாய் விட்டுக் கீழே இறங்கியிருக்கின்றன என்று அர்த்தம். ஒரு பக்கத்தில் மட்டும் பட்டால் அந்தப் பக்கம்தான் பருக்கும். வளர்ச்சியைத் தூண்டும் பொருளை விடுவது வளர்கிற விதைகள். ஒரு பக்கம் சூம்பிய காயை அறுத்தால் அங்கே விதை குறைவாக இருப்பதைக் காணலாம்.

[காட்சி: வரைபடம். மகரந்தக்குழாய் சூல்வித்தை அடைதல்.]

குழாய்க்குள் இரண்டு ஆண் புணரிகள், அதாவது ஆண் இனப்பெருக்கக் கலங்கள், போகின்றன. ஒன்று சூல்வித்துக்குள் இருக்கிற முட்டையோடு சேர்ந்து முளையம், அதாவது விதைக்குள் இருக்கிற குட்டிச் செடி, ஆகும். மற்றது சூல்வித்தின் நடுவிலுள்ள இரண்டு உட்கருக்களோடு சேர்ந்து, முளையத்துக்குச் சாப்பாடான வித்தகவிழையம் ஆகும். 1898இல் ரஷ்யத் தாவரவியலாளர் நவாஷின் கண்டறிந்த இந்த இரட்டைக் கருக்கட்டலைப் பாடமாக்கிவிட்டு மறந்துபோகிறோம். ஆனால் வருடாவருடம் அதைச் சாப்பிடுகிறோம்.

[காட்சி: நுங்கு சீவுதல். பெருவிரல் கண்ணுக்குள் இறங்குகிறது.]

நுங்கு என்பது பனையின் இளம் வித்தகவிழையம். பழம் முற்ற அது கல்லாக இறுகும். கொட்டையை மண்ணில் புதைத்தால், முளை அந்த இறுகிய சாப்பாட்டை உறிஞ்ச உள்ளே பஞ்சு போல ஓர் உறுப்பை வளர்க்கும். அதுதான் பூரான். சோற்றில் நாங்கள் உண்பதும் வித்தகவிழையமே. பூசணியில் மட்டும் முளையம் அதை முன்னமே உறிஞ்சி, வித்திலைகளில் சேர்த்துவைத்துவிடுகிறது.

[காட்சி: மீண்டும் கொடி. பின்னேரம்.]

இனிக் கையால் மகரந்தம் சேர்ப்பது. முதல் நாள் பின்னேரமே கொடியைச் சுற்றி வாருங்கள். நாளைக்கு விரியப்போகிற மொட்டின் நுனி மஞ்சளாகியிருக்கும். காலபோகத்து மழைக்காலம் என்றால் ஆண் மொட்டைக் காம்போடு வெட்டி, வீட்டுக்குள் ஒரு கிளாஸ் தண்ணீரில் வையுங்கள். விடிய விரியும், மகரந்தம் நனையாது. நனைந்த மகரந்தமணி வெடித்துவிடும், பயனில்லை. பெண் பூவுக்கு மேலே ஒரு பெரிய இலையைக் கவிழ்த்துவிடுங்கள்.

காலை ஆறிலிருந்து எட்டுக்குள் ஆண் பூவின் இதழை உரித்து, கேசரத் தலையைப் பெண் பூவின் மூன்று மடல்களிலும் மெதுவாகத் தடவுங்கள். மூன்றிலும் மஞ்சள் தெரியவேண்டும். ஓர் ஆண் பூ இரண்டு பெண் பூவுக்குக் காணும். காம்பில் நிற நூல் கட்டிவிட்டால் எது நீங்கள் செய்தது என்று தெரியும். சரிவந்தால் மூன்று நாலு நாளில் உருண்டை பெருத்துக் காம்பு வளையும். எல்லாம் சரியாகச் செய்தும் விழுகிறதா? கொடியில் ஏற்கெனவே இரண்டு மூன்று காய் வளர்ந்தால், பிந்தி வருவதைக் கொடியே உதிர்த்துவிடும்.

[காட்சி: இரவு. புடோல் பந்தல். வெள்ளைப் பூ நூல் நூலாக விரிகிறது.]

இதே முறையைப் புடோலுக்கு விடிய எட்டு மணிக்குச் செய்தால் சரிவராது. புடோல், சுரை, பீர்க்கு பொழுதுபட விரிபவை. புடோலுக்கு வருவது அந்துப்பூச்சி. இந்த மூன்றுக்கும் மாலையிலேயே தடவிவிடுங்கள். மஞ்சள் கொடித்தோடை மதியத்தில் விரியும். அதற்குத் தேனீ சிறிசு, பெரிய கருவண்டுதான் குறியைத் தொடும். அதனால் வளவில் உள்ள பட்ட மரம் எல்லாவற்றையும் விறகாக்க வேண்டாம், வண்டு அதில்தான் துளைத்துக் குடியிருக்கும். இன்னொரு சங்கதி: இந்த மஞ்சள் கொடித்தோடை தன் மகரந்தத்தைத் தானே ஏற்காது. ஒரே தாய்க்கொடியின் துண்டங்களை மட்டும் நட்டுப் பந்தல் நிறையப் பூத்தும் காயில்லாமல் நிற்பது இதனால்தான். வேறு விதையில் வந்த கொடி ஒன்றைப் பக்கத்தில் நடுங்கள்.

நெல்லுக்குப் பூச்சி வேண்டாம். காலை ஒன்பது, பத்து மணிபோல உமி திறந்து, ஆறு கேசரங்களும் தன் பூவிலேயே தூள் கொட்டும், ஒரு மணித்தியாலமளவில் மூடும். சிறுபோகத்தில் அந்த நேரம் வெக்கை 35 பாகை செல்சியஸைத் தாண்டினால் மகரந்தம் செத்து, மணி பதராகும். பூக்கும் நாட்களில் வயலில் தண்ணீர் வற்ற விடாதீர்கள், காலையில் மருந்தும் அடிக்காதீர்கள்.

[காட்சி: முற்றிய பூசணியை வெட்டி விதை எடுத்தல்.]

பக்கத்து வளவுப் பூசணியின் மகரந்தம் பட்டால் இந்தக் காயின் உருவமோ ருசியோ மாறாது. சதை தாய்க்கொடியுடையது. மாறுவது விதை, அடுத்த போகத்தில்தான் தெரியும். உங்கள் இனம் கலக்காமல் விதை வேண்டுமென்றால், முதல் நாள் பின்னேரமே ஆண் மொட்டு, பெண் மொட்டு இரண்டின் நுனியையும் நூலால் கட்டிவிடுங்கள். விடிய அவிழ்த்துத் தடவியதும் பெண் பூவைத் திரும்பக் கட்டுங்கள். காம்பு காய்ந்து கட்டையானபிறகு பறித்து, இன்னும் மூன்று கிழமை நிழலில் வையுங்கள், விதை உள்ளே முற்றும். பிறகு எடுத்துக் கழுவி, நிழலில் உலர்த்துங்கள். வளைத்தால் வளையாமல் படக்கென்று முறிகிற விதைதான் போத்தலில் போடக்கூடியது.