மரியாதை முன்னே, அன்பு பின்னே

நேயர்களுக்கு வணக்கம்.

உலகில் மனிதர்களைப் பிரித்து வைக்கும் வெறுப்பையும் முன்முடிவுகளையும் அன்பும் மரியாதையும் வெல்ல முடியுமா என்பது எனக்குக் கொடுக்கப்பட்ட பொருள். முடியும் என்பதே என் கருத்து. ஆனால் இந்த இரண்டில் அன்பையே நாம் முன்னால் நிறுத்தி, மரியாதை தானாகப் பின்தொடரும் என்று நம்பிவிடுகிறோம். பிரிவினை உண்மையிலேயே தளர்ந்த இடங்களைப் பார்த்தால், பெரும்பாலும் மரியாதைதான் முதலில் வந்திருக்கிறது; அதுவும் மனம் கனிந்து வரவில்லை, சூழ்நிலையின் கட்டாயத்தால் வந்திருக்கிறது.

மரியாதை இல்லாத அன்பு எதுவரை போகும் என்பதற்குத் தென்னாப்பிரிக்காவின் நிறவெறி ஆட்சிக்காலத்தைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. வெள்ளையர் வீடுகள் பலவற்றில் குழந்தைகளைக் குளிப்பாட்டி, ஊட்டி, தூங்க வைத்தவர்கள் கறுப்பினப் பெண்கள். அந்தக் குழந்தைகள் அவர்களிடம் வைத்திருந்த பாசம் பொய்யல்ல. 1956இல் ஜோகன்னஸ்பர்கில் பீட்டர் மகுபானே எடுத்த ஒரு புகைப்படத்தில், ‘ஐரோப்பியர்களுக்கு மட்டும்’ என்று எழுதப்பட்ட பெஞ்சில் ஒரு வெள்ளைச் சிறுமி உட்கார்ந்திருக்கிறாள். அவளைப் பார்த்துக்கொள்ளும் பெண் பெஞ்சுக்குப் பின்புறம் இருக்கிறார். பூங்கா, கடற்கரை, பேருந்து எல்லாவற்றையும் நிறத்தின்படி பிரிக்க வழிசெய்த 1953ஆம் ஆண்டுச் சட்டம், பிரித்துத் தரும் வசதிகள் சமமாக இருக்க வேண்டியதில்லை என்றும் வெளிப்படையாகவே அனுமதித்தது. வீடு வீடாக அத்தனை பாசம் இருந்தும் அந்தச் சட்டம் 1990வரை நீடித்தது. வளர்த்தவரை நேசித்த பிள்ளைகளில் பலர் வளர்ந்து, அதே சட்டத்தைக் காப்பாற்றும் கட்சிக்கு வாக்களித்தார்கள். அன்பு செலுத்துகிறவர் மேலேயும் அதைப் பெறுகிறவர் கீழேயும் இருந்துகொண்டே எவ்வளவு காலம் வேண்டுமானாலும் அன்பு செலுத்த முடியும் என்பதுதான் இதில் கசப்பான செய்தி.

இதற்கு நேரெதிரான ஒன்றையும் பார்ப்போம். இரண்டாம் உலகப் போரில், 1944 டிசம்பரில் ஜெர்மானியர் நடத்திய பெருந்தாக்குதலுக்குப் பிறகு, ஐரோப்பாவிலிருந்த அமெரிக்கத் தரைப்படைக்கு ஆள் பற்றாக்குறை ஏற்பட்டது. அதுவரை வெள்ளையரும் கறுப்பினத்தவரும் தனித்தனிப் பிரிவுகளில்தான் பணியாற்றினார்கள். வேறு வழியின்றி, தாமாக முன்வந்த கறுப்பின வீரர்களைச் சிறு அணிகளாக, ‘கம்பெனி’ எனப்படும் வெள்ளையர் படைப்பிரிவுகளுக்குள் சேர்த்தார்கள். 1945இல் ராணுவத்தின் ஆய்வுப் பிரிவு வெள்ளை வீரர்களிடம் கருத்துக் கேட்டபோது, அப்படிப்பட்ட அனுபவமே இல்லாத பிரிவுகளில் 62 சதவீதம் பேர் இந்த ஏற்பாடு தங்களுக்கு அறவே பிடிக்காது என்றார்கள். கறுப்பின அணி இருந்த கம்பெனிகளிலேயே போரிட்டவர்களில் அப்படிச் சொன்னவர்கள் 7 சதவீதம்தான். அவர்களுக்கு யாரும் சகோதரத்துவம் பற்றி வகுப்பெடுக்கவில்லை. பக்கத்தில் துப்பாக்கியோடு நின்றவர் தம் வேலையைச் செய்தார், அதை இவர்கள் கண்ணால் பார்த்தார்கள், அவ்வளவுதான். போர் முடிந்ததும் அந்த அணிகள் கலைக்கப்பட்டு, ராணுவம் பழைய பிரிவினைக்கே திரும்பியது என்பதையும் சொல்ல வேண்டும். படையில் சம நடத்தை வேண்டும் என்ற ஆணையில் அதிபர் ட்ரூமன் கையெழுத்திட்டது 1948 ஜூலையில்தான். தனிமனிதர் மாறிவிட்டாலும் நிறுவனம் மாறுவதற்கு ஒரு கையெழுத்து தேவைப்படுகிறது.

ஹார்வர்டு பல்கலைக்கழக உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட் 1954இல் இப்படிப்பட்ட அனுபவங்களையெல்லாம் வைத்து ஒரு கருத்தை முன்வைத்தார். பகைமை கொண்ட இரு தரப்பினர் வெறுமனே சந்தித்துக்கொள்வதால் பயனில்லை. சந்திக்கும் இடத்தில் இருவருக்கும் சம நிலை இருக்க வேண்டும், இருவருக்கும் பொதுவான ஒரு குறிக்கோள் வேண்டும், அதை அடைய ஒருவர் கை மற்றவருக்குத் தேவைப்பட வேண்டும், சட்டமோ நிர்வாகமோ அதற்குத் துணை நிற்க வேண்டும் என்றார். அதே ஆண்டில் அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் உளவியலாளர் முசாஃபர் ஷெரீஃப் ஆய்வுக்காக நடத்திய சிறுவர் முகாம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. போட்டிகளால் இரு பகைக் குழுக்களாகிவிட்ட சிறுவர்களை ஒரே கூடத்தில் சாப்பிட உட்கார வைத்தபோது, அவர்கள் உணவையே ஒருவர்மேல் ஒருவர் வீசிக்கொண்டார்கள். உணவு கொண்டுவர வேண்டிய லாரி கிளம்பாமல் நின்றபோதுதான், கயிறு இழுக்கும் போட்டியில் எதிரெதிரே நின்று இழுத்த அதே கயிற்றைக் கட்டி எல்லாரும் ஒரு பக்கமாக நின்று இழுத்தார்கள். சிறுவர்களுக்குத் தெரியாமலே அவர்களை மோதவிட்ட அந்த ஆய்வின் நேர்மையைப் பற்றி எனக்குப் பெரிய மதிப்பில்லை. இருந்தாலும் அந்தக் கயிற்றை மறக்க முடியவில்லை.

பின்னாளில் உளவியலாளர்கள் தாமஸ் பெட்டிகுரூவும் லிண்டா ட்ராப்பும் 500க்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து, நேரடிப் பழக்கம் பொதுவாக வெறுப்பைக் குறைக்கிறது என்று 2006இல் உறுதிப்படுத்தினார்கள். மற்றவரைப் பற்றிய தகவல்கள் கூடுவதால் வரும் மாற்றம் மிகக் குறைவு, அவரோடு இருக்கும்போது எழும் பதற்றம் தணிவதும் அவர் இடத்தில் தன்னை வைத்துப் பார்ப்பதும்தான் பெரிதாக வேலை செய்கின்றன என்பது அவர்களுடைய இன்னொரு முடிவு. துண்டறிக்கைகளையும் சொற்பொழிவுகளையும் நம்பும் என் போன்றவர்களுக்கு இது சற்றுச் சங்கடமான செய்திதான். இந்த மாற்றம் ஒடுக்கப்படும் தரப்பினரிடம் குறைவாகவே நிகழ்கிறது என்பதையும் அவர்கள் கண்டார்கள். அதில் வியப்பில்லை. ஒருவர் ஒருமுறை கைகுலுக்கிவிட்டு மனம் மாறிவிடலாம். காலங்காலமாக அவமதிக்கப்பட்டவரோ, அந்தக் கை நாளைக்கும் நீளுமா என்று பார்த்துத்தான் முடிவு செய்வார். அப்படிப் பார்ப்பதற்கு அவருக்கு முழு உரிமை உண்டு.

இவ்வளவும் இரண்டு மனிதர்களுக்கிடையே நிகழ்ந்ததற்கு ஒரு சான்றைச் சொல்கிறேன். 1971இல் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்திலுள்ள டர்ஹம் நகரில், பள்ளிகளில் நிறப் பிரிவினையை நீக்குவது பற்றிப் பத்து நாள் பொதுக் கூட்டம் ஒன்று நடந்தது. அதன் இணைத் தலைவர்களாகப் பொறுப்பேற்றவர்களில் ஒருவர் ஆன் அட்வாட்டர். வீட்டு வேலை செய்து பிழைத்து, ஏழைகளின் வீட்டு உரிமைக்காகப் போராட வந்த கறுப்பினப் பெண். மற்றவர் சி. பி. எல்லிஸ், கறுப்பினத்தவரை அச்சுறுத்தியே வளர்ந்த கு க்ளக்ஸ் க்ளான் அமைப்பின் உள்ளூர்த் தலைவர்.

எல்லிஸ் பஞ்சாலைத் தொழிலாளியின் மகன். எவ்வளவு உழைத்தும் கடன் தீராத வாழ்க்கை. க்ளானில் சேர்ந்த இரவில் கிடைத்த கைதட்டலில்தான் தன்னையும் ஒரு மனிதனாக உணர்ந்ததாகப் பின்னர் அவரே சொன்னார். நகரின் பெரிய மனிதர்கள் இரவில் தொலைபேசியில் அவரை ஊக்குவித்தார்கள். ஒரு நாள் பகலில் எதிரே வந்த நகரமன்ற உறுப்பினர் ஒருவர், அவரோடு கைகுலுக்க நேர்ந்துவிடுமோ என்று சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் போய்விட்டார். தான் வெறும் கருவியாகப் பயன்படுத்தப்படுகிறோம் என்ற சந்தேகம் அவருக்கு அன்று எழுந்தது. அவருடைய வெறுப்பை இது நியாயப்படுத்தாது. ஆனால் மரியாதை எங்குமே கிடைக்காதவனுக்கு வெறுப்பு எவ்வளவு எளிதாக அதைக் கொடுத்துவிடுகிறது என்பதைக் காட்டுகிறது.

கூட்டப் பொறுப்பு இருவரையும் ஒரே மேசையில் உட்கார வைத்தது. இருவருக்கும் ஒருவரையொருவர் பிடிக்கவில்லை. இருவரையும் அவரவர் தரப்பினரே துரோகி என்று ஏசினார்கள். ஒரு நாள் பேச்சுவாக்கில் அட்வாட்டர், தன்னைப் பற்றி வகுப்பில் ஆசிரியர் கேலி செய்வதால் மகள் தினமும் அழுதுகொண்டே வீடு திரும்புவதாகச் சொன்னார். எல்லிஸ் திகைத்துப்போனார்; அவருடைய மகனும் அப்பாவைப் பற்றிய கேலியைக் கேட்டு அப்படித்தான் அழுதுகொண்டு வந்துகொண்டிருந்தான். அந்த இடத்தில் இருவரும் அழுதார்கள். கூட்டத்தின் நிறைவில் எல்லிஸ் தம் க்ளான் உறுப்பினர் அட்டையை எல்லார் முன்னிலையிலும் கிழித்தார். 2005இல் அவர் இறக்கும்வரை இருவரும் நண்பர்களாக இருந்தார்கள்.

அன்பு அங்கே வந்தது உண்மை. ஆனால் ஒரே பதவி, ஒரே மேசை, இருவர் பிள்ளைகளுக்கும் வேண்டிய ஒரே பள்ளி ஆகியவற்றுக்குப் பிறகுதான் வந்தது. அதற்கு விலையும் இருந்தது. எல்லிஸின் பழைய நண்பர்கள் அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டார்கள். பிறகு அவர் தொழிற்சங்க வேலைக்குப் போனார். உறுப்பினர்களில் பெரும்பாலோர் கறுப்பினத் தொழிலாளர்களாக இருந்த ஒரு சங்கத்தில், அதன் முழுநேரப் பொறுப்புக்குத் தேர்தலில் நின்றார். அவர் யாராக இருந்தவர் என்பது ஊரறிந்த செய்தி. அதைத் தெரிந்துகொண்டே, நிர்வாகத்தின் எதிரே உட்கார்ந்து தங்கள் கூலிக்காகப் பேச அவரையே அவர்கள் தேர்ந்தெடுத்தார்கள்.