வீடியோ கிளிப்பை அப்படியே இழுத்து டைம்லைனில் (காட்சிகளை வரிசையாக அடுக்கும் பட்டையில்) போடுகிறீர்களா? கொஞ்சம் நில்லுங்கள்!

[திரையில்: டைம்லைன் முழுக்க நீளநீளமான கிளிப்புகள்]

ஒரு நிமிட வீடியோவை எடிட் செய்ய மூன்று மணி நேரம் ஆகிறதா? கம்ப்யூட்டரைத் திட்டாதீர்கள், பாவம். எடுத்ததையெல்லாம் டைம்லைனில் கொட்டிவிட்டு அங்கே உட்கார்ந்து நறுக்குகிறோம் பாருங்கள், அதுதான் நேரத்தைத் தின்கிறது.

கிளிப்புகள் இருக்கும் இடத்துக்கு 'பின்' (bin) என்று ஏன் பேர்? ஃபிலிம் காலத்தில் வெட்டிய துண்டுகளை ஊசிகளில் மாட்டி, துணி போட்ட ஒரு தொட்டிக்குள் தொங்கவிடுவார்கள். அந்தத் தொட்டிதான் பின். சரி, வரலாறு போதும்.

[திரையில்: கிளிப் மேல் டபுள் கிளிக்]

பிரீமியர் புரோ என்ற எடிட்டிங் மென்பொருளில் டபுள் கிளிக் செய்தால் கிளிப் சோர்ஸ் மானிட்டரில், அதாவது டைம்லைனில் போடுவதற்கு முன் கிளிப்பைப் பார்க்கும் ஜன்னலில், திறக்கும். கீபோர்டில் எல் (L) அழுத்தினால் ஓடும், இன்னொரு முறை அழுத்தினால் வேகம் கூடும், கே (K) நிறுத்தும், ஜே (J) பின்னோக்கி ஓட்டும். கே-யை அழுத்திப் பிடித்துக்கொண்டு எல்-லையும் சேர்த்துப் பிடித்தால் மெதுவாக நகரும். ஒருவர் கண் சிமிட்டுவதற்கு முந்தைய ஃபிரேமில் போய் நிற்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. வேண்டிய இடம் தொடங்கும்போது ஐ (I), முடியும்போது ஓ (O) அழுத்துங்கள். பயப்படாதீர்கள், இது வெறும் குறிதான், அசல் ஃபைலில் எதுவும் வெட்டுப்படாது.

இப்போதுதான் எனக்குப் பிடித்த கட்டம். டைம்லைனில் போட இரண்டு வழி: இன்சர்ட், ஓவர்ரைட். ஒரு பெஞ்சில் ஐந்து பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று வையுங்கள். ஆறாவது ஆள் வந்து, "கொஞ்சம் தள்ளி உட்காருங்க" என்கிறார், எல்லோரும் நகர்கிறார்கள், பெஞ்சும் நீளுகிறது. இது இன்சர்ட். அதே ஆள் எதுவும் கேட்காமல் ஒருவர் மடியிலேயே உட்கார்ந்துவிட்டால்? அது ஓவர்ரைட்! அடியில் இருந்தவர் காணாமல் போய்விடுவார், வீடியோவின் நீளம் மட்டும் மாறாது. பிரீமியரில் இன்சர்ட்டுக்குக் கமா, ஓவர்ரைட்டுக்கு முற்றுப்புள்ளி. வேறு மென்பொருள் என்றால், டாவின்சி ரிசால்வில் எஃப்9, எஃப்10. ஃபைனல் கட்டில் டபிள்யூ, டி.

பேச்சுக்கு நடுவே விட்டுப்போன ஒரு வாக்கியத்தைச் சேர்க்க இன்சர்ட். ஏற்கெனவே ஓடும் இசைக்கு மேல் காட்சியை மட்டும் மாற்ற ஓவர்ரைட்.

[திரையில்: நடுவில் பிளந்து கிடக்கும் இசை டிராக்]

இதை மாற்றிச் செய்து நான் ஒரு முறை நன்றாக மாட்டினேன். பின்னணி இசையெல்லாம் அழகாக வைத்த பிறகு, நடுவில் 3 நொடிக் காட்சி ஒன்றை இன்சர்ட் செய்தேன். அது காட்சியை மட்டுமா தள்ளியது, இசையையும் இரண்டாகப் பிளந்து தள்ளிவிட்டது. நான் கவனிக்கவே இல்லை, ஏற்றுமதி செய்து அனுப்பிய பிறகுதான் பார்க்கிறேன், பாட்டு பாதியில் நின்று, 3 நொடி மயான அமைதி, அப்புறம் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறது! அன்றிலிருந்து இன்சர்ட்டுக்கு முன்னால் இசை டிராக்கில் பூட்டு ஐகானை அழுத்தாமல் இருப்பதில்லை.

ஒலி மட்டும் வேண்டுமா? சோர்ஸ் மானிட்டருக்குக் கீழே இருக்கும் அலைவடிவ ஐகானைப் பிடித்து இழுங்கள், காட்சி கூடவே வராது.

சரி, நீங்கள் தள்ளி உட்காரச் சொல்கிற ஆளா, மடியில் உட்காருகிற ஆளா? கமெண்டில் சொல்லுங்கள்.