பங்காளியை விட்டுப் போன ஓக்லஹோமா

நேயர்களுக்கு வணக்கம்.

அமெரிக்காவுக்கு மேற்படிப்புக்குப் போன பிள்ளைகள் உங்கள் வீட்டிலோ தெருவிலோ இருந்தால், அங்கே இலையுதிர் காலத்துச் சனிக்கிழமை எப்படி இருக்கும் என்று கேட்டுப் பாருங்கள். ஊரே ஒரே நிறத்தில் சட்டை போட்டுக்கொண்டு மைதானத்துக்குக் கிளம்பும். கார் நிறுத்தும் இடத்தில் காலையிலேயே அடுப்பு மூட்டி இறைச்சி சுட ஆரம்பித்துவிடுவார்கள். கல்லூரி மாணவர்கள் ஆடுகிற ஆட்டம்தான், ஆனால் பெரிய பல்கலைக்கழகங்களில் அதைப் பார்க்க எண்பதாயிரம், லட்சம் பேர் வருவார்கள். ஃபுட்பால் என்றுதான் அங்கே சொல்வார்கள். நாம் காலால் உதைத்து ஆடும் கால்பந்து அல்ல இது. நீள்வட்டப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு, தலைக்கவசம் மாட்டி, ஆளோடு ஆள் மோதிக்கொள்ளும் ஆட்டம்.

அதில் பல ஊர்க்காரர்களுக்குத் தேசியப் பட்டத்தைவிடப் பக்கத்து ஊரைத் தோற்கடிப்பது பெரிது. பட்டம் கிடைக்காத வருடத்தைப் பொறுத்துக்கொள்வார்கள். பங்காளியிடம் தோற்ற வருடத்தில் அலுவலகத்திலும் தேவாலயத்திலும் தலைகாட்ட முடியாது. ஏனென்றால் பங்காளி அங்கேதான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பான்.

நூறு ஆண்டுகளாக நடந்துவந்த இப்படிப்பட்ட சண்டைகளில் பல, கடந்த பதினைந்து ஆண்டுகளில் குலைந்துபோயின. அதைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன். எல்லா ஊர்க் கதையையும் சொல்ல நேரம் போதாது. ஒரே ஒரு பல்கலைக்கழகத்தைப் பிடித்துக்கொள்கிறேன்: ஓக்லஹோமா. வேறு எந்த ஊரும் இந்த விவகாரத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் இப்படி மாட்டிக்கொள்ளவில்லை.

முதலில் கான்ஃபரன்ஸ் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். எட்டு, பத்து பல்கலைக்கழகங்கள் சேர்ந்து ஒரு குழு அமைத்துக்கொண்டு, வருடா வருடம் தங்களுக்குள் ஆடிக்கொள்ளும். அதுதான் கான்ஃபரன்ஸ். அந்தக் காலத்தில் ரயிலில் போய் ஆடிவிட்டுத் திரும்ப வேண்டும், அதனால் பக்கத்துப் பக்கத்து மாநிலங்கள் சேர்ந்தன. யாரும் திட்டம் போட்டுப் பகையை வளர்க்கவில்லை. வருடந்தோறும் அதே முகங்களைப் பார்த்தார்கள், பகை தானாக வளர்ந்தது.

ஓக்லஹோமா பல்கலைக்கழகம் நார்மன் என்ற ஊரில் இருக்கிறது. ஓக்லஹோமா ஸ்டேட் பல்கலைக்கழகம் ஸ்டில்வாட்டரில். இரண்டுக்கும் நடுவே ஏறக்குறைய 130 கிலோமீட்டர். முதன்முதலாக மோதியது 1904-ல், குத்ரி என்ற ஊரில். அப்போது ஓக்லஹோமா ஒரு மாநிலமாகவே ஆகியிருக்கவில்லை. அன்றைக்குப் பேய்க்காற்று. உதைத்த பந்து காற்றில் பின்னால் திரும்பி, உதைத்தவர் தலைக்கு மேலே பறந்து, சரிவில் உருண்டு குளிர்ந்த ஓடைக்குள் விழுந்தது. இரண்டு அணி வீரர்களும் தண்ணீருக்குள் குதித்துவிட்டார்கள். நார்மன்காரர் ஒருவர் பந்தை எடுத்து வந்து புள்ளி சேர்த்தார். ஆட்டம் 75-0 என்று முடிந்தது. பெட்லம் என்று இன்று அழைக்கப்படும் சண்டையின் முதல் நாள் இப்படித்தான் போனது.

உண்மையைச் சொன்னால் இது சமமான சண்டை இல்லை. 118 ஆட்டங்களில் நார்மன் 91 முறை வென்றது, ஸ்டில்வாட்டர் 20 முறை, மீதி சமன். ஆனாலும் ஸ்டில்வாட்டர்காரர்கள் அந்த இருபதையும் விரல்விட்டு எண்ணிச் சொல்வார்கள். அண்ணன் பல்கலைக்கழகத்துக்குப் புகழ், பணம், பட்டம் எல்லாம் உண்டு. தம்பிக்கு வருடத்தில் ஒரு நாள் உண்டு.

நார்மனுக்கு இன்னொரு பெரிய பகையும் இருந்தது, நெப்ராஸ்கா. 1971 நவம்பர் 25, நன்றி நவிலும் நாள். நாட்டில் முதலிடத்தில் இருந்த நெப்ராஸ்காவும் இரண்டாம் இடத்து ஓக்லஹோமாவும் நார்மனில் மோதின. நெப்ராஸ்காவின் ஜானி ராட்ஜர்ஸ் எதிரணி உதைத்த பந்தைப் பிடித்து 72 கஜம் ஓடினார். 35-31 என்று நெப்ராஸ்கா வென்றது. நூற்றாண்டின் ஆட்டம் என்று இன்றும் அதைத்தான் சொல்கிறார்கள்.

சரி, இந்தச் சண்டைகள் குலைவதற்கு வித்திட்ட நீதிமன்ற வழக்குக்கு வருவோம்.

எழுபதுகளிலும் எண்பதுகளின் தொடக்கத்திலும் கல்லூரி ஃபுட்பாலின் தொலைக்காட்சி உரிமை முழுவதும் என்.சி.ஏ.ஏ. என்ற தேசிய அமைப்பின் கையில் இருந்தது. ஒரு பல்கலைக்கழகம் இரண்டு ஆண்டுகளில் ஆறு முறைக்கு மேல் திரையில் வரக்கூடாது என்று அது விதி வைத்திருந்தது. மைதானத்தில் கூட்டம் குறைந்துவிடும் என்ற பயம் ஒரு பக்கம். பெரிய கல்லூரிகளே எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போய்விடும் என்ற கவலை இன்னொரு பக்கம். 1981-ல் ஒரு வேடிக்கை நடந்தது. ஓக்லஹோமாவும் சதர்ன் கலிஃபோர்னியாவும் ஆடிய ஆட்டத்தை இருநூறுக்கும் மேற்பட்ட நிலையங்கள் ஒளிபரப்பின. அதே வார இறுதியில் சிட்டடல், அப்பலாச்சியன் ஸ்டேட் என்ற இரண்டு சிறிய அணிகள் ஆடியதைக் காட்டியவை நான்கே நிலையங்கள். நான்கு அணிகளுக்கும் கிடைத்தது ஒரே தொகை.

நார்மன்காரர்களுக்குக் கோபம் வந்ததில் ஆச்சரியம் இல்லை. ஓக்லஹோமாவும் ஜார்ஜியாவும் வழக்குப் போட்டன. 1984-ல் உச்ச நீதிமன்றம் ஏழுக்கு இரண்டு என்று அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. இப்படிப் பங்கு போட்டுக் கட்டுப்படுத்துவது போட்டிச் சட்டத்துக்கு விரோதம் என்றது நீதிமன்றம். மாறுபட்டவர்களில் ஒருவர் நீதிபதி பைரன் வைட். இந்த மனிதர் கொலராடோ பல்கலைக்கழகத்தின் பழைய ஃபுட்பால் நட்சத்திரம், தொழில்முறையிலும் ஆடியவர். கல்லூரி விளையாட்டை வெறும் வியாபாரமாகப் பார்க்கக்கூடாது, இந்தக் கட்டுப்பாடு அதன் தன்மையைக் காப்பாற்றுகிறது என்று அவர் எழுதினார். சட்டம் எப்படியோ, விளையாட்டைப் பொறுத்தவரை அந்த அறையில் இருந்தவர்களில் அவருக்குத்தான் விஷயம் தெரிந்திருந்தது என்று நான் நினைக்கிறேன்.

அந்தத் தீர்ப்புக்குப் பிறகு தொலைக்காட்சியோடு யார் வேண்டுமானாலும் பேரம் பேசலாம் என்றாகிவிட்டது. தனியாகப் பேசுவதைவிடக் கான்ஃபரன்ஸாகச் சேர்ந்து பேசினால் விலை அதிகம். பெரிய பெயர்களைக் கொண்ட கான்ஃபரன்ஸுக்கு இன்னும் அதிகம். அப்போதிலிருந்து கான்ஃபரன்ஸ் என்பது அக்கம்பக்கத்து ஊர்களின் கூட்டமாக இல்லை, விற்பனைக்கு வைத்த ஆட்டங்களின் மூட்டையாகிவிட்டது.

ஓக்லஹோமாவுக்கே அது முதலில் வலித்தது 1996-ல். அவர்கள் இருந்த பிக் எயிட் கான்ஃபரன்ஸோடு நான்கு டெக்சாஸ் அணிகள் சேர்ந்து பிக் 12 ஆனது. வடக்கு, தெற்கு என்று பிரித்தார்கள். ஓக்லஹோமா தெற்கில், நெப்ராஸ்கா வடக்கில். வருடம் தவறாமல் நடந்த ஆட்டம் நான்கு வருடத்தில் இரண்டு முறை என்று சுருங்கியது. 2011-ல் நெப்ராஸ்கா பிக் டென் என்ற வேறொரு கான்ஃபரன்ஸுக்கே போய்விட்டது. பொன்விழாவுக்கு 2021-ல் மறுபடி கூடி ஆடினார்கள். ஐம்பது வருடத்துக்கு முந்தைய கதையைத்தான் எல்லோரும் பேசினார்கள்.

அதே 2021 ஜூலையில் ஓக்லஹோமாவும் டெக்சாஸும் பிக் 12-ஐ விட்டு எஸ்.இ.சி. என்ற தெற்கத்திய கான்ஃபரன்ஸில் சேரப்போவதாக அறிவித்தன. அலபாமா, ஜார்ஜியா எல்லாம் இருக்கும் இடம் அது. ஸ்டில்வாட்டரை யாரும் கூப்பிடவில்லை. 2023 நவம்பர் 4 அன்று ஸ்டில்வாட்டரில் கடைசி பெட்லம் நடந்தது. தம்பி 27-24 என்று வென்றது. கூட்டம் மைதானத்துக்குள் இறங்கிக் கோல் கம்பங்களைச் சாய்த்துவிட்டது. எனக்கு அதில் தவறே தெரியவில்லை.

வேறு வேறு கான்ஃபரன்ஸில் இருந்தாலும் வருடத்துக்கு ஒருமுறை ஆடிவிட்டுப் போகலாமே என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஒரு பருவத்துக்கு ஆட்டங்கள் பன்னிரண்டுதான். பிக் 12-ல் ஒன்பது ஆட்டம் உள்ளுக்குள்ளேயே ஆட வேண்டும். எஸ்.இ.சி.யும் 2026 முதல் ஒன்பது என்று முடிவு செய்துவிட்டது. மிச்சம் மூன்று. அந்த மூன்றில் ஒன்றிரண்டையாவது சொந்த மைதானத்தில், தோற்க வாய்ப்பில்லாத சிறிய அணியோடு வைத்துக்கொள்ளத்தான் எல்லோரும் பார்ப்பார்கள். டிக்கெட் பணமும் வரும், வெற்றியும் வரும். தேசியப் பட்டத்துக்காகப் பன்னிரண்டு அணிகள் நுழையும் பிளேஆஃப் சுற்றுக்குத் தேர்வுக்குழு ஒவ்வொரு தோல்வியையும் கணக்கெடுக்கும்போது, வெறியோடு காத்திருக்கும் பங்காளியிடம் ஒன்றுவிட்ட வருடம் அவன் வீட்டுக்கே போய் நிற்க எந்த நிர்வாகியும் ஆசைப்படுவதில்லை. அதோடு இந்த மூன்று இடங்களுக்கும் பல வருடம் முன்கூட்டியே ஒப்பந்தம் போட்டு முடித்திருப்பார்கள். ஆகவே இரு தரப்பும் “அவர்கள்தான் போனார்கள்”, “அவர்கள்தான் வர மாட்டேன் என்கிறார்கள்” என்று மாறி மாறிச் சொல்லிக்கொள்ள முடிகிறது.

டெக்சாஸோடு ஓக்லஹோமாவுக்கு இருக்கும் பகைக்கு மட்டும் ஒரு குறையும் இல்லை. டாலஸில் மாநிலப் பொருட்காட்சி நடக்கும்போது, காட்டன் பவுல் மைதானத்தைச் சரிபாதியாகப் பிரித்து ஒரு பாதி சிவப்பும் மறுபாதி ஆரஞ்சுமாக உட்காருவார்கள். இரண்டு பேரும் சேர்ந்தே மாறினார்கள், அந்த ஆட்டம் தொலைக்காட்சிக்கும் தங்கச் சுரங்கம். பாரம்பரியம் பாரம்பரியம் என்று பேசுகிறவர்கள் கவனிக்க வேண்டியது இதைத்தான். பழமை எதையும் காப்பாற்றுவதில்லை. விலைபோகிற பகை நிற்கிறது, ஒரு பக்கம் எளியவன் இருக்கும் பகை போகிறது.

மேற்குக் கரையில் இன்னும் கொடுமை. 1915-ல் வேர்விட்ட பேக்-12 கான்ஃபரன்ஸ் 2023 ஆகஸ்ட் 4 அன்று ஒரே நாளில் ஐந்து அணிகளை இழந்தது. ஒழுங்கான தொலைக்காட்சி ஒப்பந்தம் கிடைக்காததுதான் காரணம். ஆரெகனும் வாஷிங்டனும் பிக் டென்னுக்குப் போயின. இப்போது பிக் டென்னில் பதினெட்டு அணிகள். ‘டென்’, அதாவது பத்து, என்ற பெயரை மட்டும் இன்னும் மாற்றவில்லை. பசிஃபிக் கடலைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஸ்டான்ஃபோர்டும் பெர்க்லியும் அட்லாண்டிக் கரைக் கான்ஃபரன்ஸில் சேர்ந்தன, அதுவும் முதல் ஏழு ஆண்டுகளுக்குத் தொலைக்காட்சிப் பணத்தில் முப்பது சதவீதப் பங்குதான் என்று ஒப்புக்கொண்டு. ஆரெகன் ஸ்டேட், வாஷிங்டன் ஸ்டேட் என்ற இரண்டு தம்பிகள் மட்டும் கைவிடப்பட்டார்கள்.

வாஷிங்டன் மாநிலத்தில் இரண்டு பல்கலைக்கழகங்களும் ஆடும் ஆப்பிள் கப் வழக்கமாக நவம்பர் கடைசியில் வரும். 1992-ல் கோதுமை வயல்களுக்கு நடுவே இருக்கும் புல்மன் ஊரில் பனி கொட்டிய நாளில் வாஷிங்டன் ஸ்டேட் 42-23 என்று பெரிய அணியை வீழ்த்தியதை அங்கே எல்லோரும் சொல்வார்கள். பிரிந்த பிறகும் ஆட்டத்தை விடவில்லை, அந்த மட்டில் நல்லது. ஆனால் செப்டம்பர் நடுவுக்குத் தள்ளிவிட்டார்கள். 2024-ல் வெயில் காலம் முடிவதற்குள் சியாட்டில் மைதானத்தில் ஆடி முடித்தாயிற்று. பருவத்தின் மூன்றாவது வாரம் அது. தோற்றவனுக்கு அதை மறக்க இன்னும் இரண்டரை மாதம் கிடைத்துவிடுகிறது. நவம்பர் கடைசியில் தோற்றால் அடுத்த செப்டம்பர் வரை சுமக்க வேண்டும், அந்தச் சுமைதான் ஆட்டத்தின் ருசியே.

ஃபுட்பால் அணியாவது வாரம் ஒருமுறை தனி விமானத்தில் போகிறது. கைப்பந்து, சாஃப்ட்பால் ஆடும் பெண்கள் லாஸ் ஏஞ்சலஸிலிருந்து நியூ ஜெர்சிக்கு மூன்று நேர மண்டலங்களைத் தாண்டிப் போய் ஆடிவிட்டு வகுப்புக்கும் வர வேண்டும். ஃபுட்பாலுக்குப் போட்ட கணக்கை மற்றவர்கள் சுமக்கிறார்கள்.

எதிர்ப்பக்கத்தையும் சொல்ல வேண்டும். டெக்சாஸும் டெக்சாஸ் ஏ அண்ட் எம்மும் 1894 முதல் மோதிவந்தன. டெக்சாஸ் தனக்கென்று ஒரு தொலைக்காட்சி அலைவரிசை தொடங்கிய எரிச்சலில் ஏ அண்ட் எம் 2012-ல் எஸ்.இ.சி.க்குப் போனது. 2011-ல் நடந்த கடைசி ஆட்டத்தில், கடைசி நொடியில் உதைத்த பந்தில் டெக்சாஸ் 27-25 என்று வென்றது. அப்புறம் பேச்சுவார்த்தை இல்லை. மறுபடி ஆட வைக்க மாநிலச் சட்டமன்றத்தில் மசோதாகூடக் கொண்டுவந்தார்கள், ஒன்றும் நடக்கவில்லை. ஆடாத அத்தனை வருடமும் இரண்டு பல்கலைக்கழகங்களும் தங்கள் வெற்றிப் பாட்டில் மற்றவனைத் திட்டும் வரியை மட்டும் விடாமல் பாடின. கடைசியில் டெக்சாஸும் எஸ்.இ.சி.க்கு வந்து சேர, 2024 நவம்பர் 30 அன்று ஏ அண்ட் எம்மின் ஊரான காலேஜ் ஸ்டேஷனில் ஆட்டம் நடந்தது. டெக்சாஸ் 17-7. சட்டமன்றத்தால் முடியாததைச் சந்தை செய்து முடித்தது. அதை மறுக்க முடியாது.

பெட்லமுக்கு அப்படி ஒரு யோகம் இப்போதைக்குத் தெரியவில்லை. 2026 முதல் எஸ்.இ.சி. ஒவ்வோர் அணிக்கும் வருடா வருடம் ஆட மூன்று நிரந்தர எதிரிகளை ஒதுக்கியிருக்கிறது. ஓக்லஹோமாவுக்கு டெக்சாஸ், மிசோரி, மிசிசிப்பி. மிசோரி பழைய பிக் எயிட் கூட்டாளி, அதனால் வயதானவர்களுக்குக் கொஞ்சம் ஆறுதல் இருக்கும். நார்மனும் ஸ்டில்வாட்டரும் கூடைப்பந்திலும் மல்யுத்தத்திலும் சாஃப்ட்பாலிலும் இன்னும் மோதிக்கொள்கின்றன. அந்த ஆட்டங்களில் பருவத்துக்குப் பன்னிரண்டு என்ற நெருக்கடி கிடையாது, ஒரு தேதியை ஒதுக்குவது சுலபம். சாஃப்ட்பாலில் நார்மன் பெண்கள் 2021 முதல் 2024 வரை தொடர்ந்து நான்கு முறை தேசியப் பட்டம் வென்றவர்கள், ஸ்டில்வாட்டரும் லேசுப்பட்ட அணி இல்லை. ஓக்லஹோமாவில் இருக்கும் உறவினரைப் பார்க்க வசந்த காலத்தில் போகிறவர்கள் அந்த ஆட்டத்துக்கு டிக்கெட் கிடைக்குமா என்று முன்கூட்டியே விசாரித்து வையுங்கள்.

நன்றி, வணக்கம்.