மெசலினாவின் அவப்பெயர்: எழுதியவர்களே காரணம்

நடுவர் அவர்களே, அவையோரே, அனைவருக்கும் வணக்கம். ரோமப் பேரரசர் கிளாடியஸின் மூன்றாம் மனைவி மெசலினாவின் அவப்பெயருக்குக் காரணம் அவருடைய நடத்தையா, அவரைப் பற்றி எழுதியவர்களா என்பது இன்றைய தலைப்பு. எழுதியவர்களே என்று வாதாட வந்திருக்கிறேன். அவரைப் பத்தினித் தெய்வமாக்குவது என் நோக்கமன்று. கி.பி. 47இல் வலேரியஸ் ஆசியாட்டிகஸ் என்ற பெருஞ்செல்வர் தற்கொலைக்குத் தள்ளப்பட்டதில் அவருக்கிருந்த பங்கை நான் மறுக்கவில்லை. ஆனால் மெசலினா என்றதும் இன்று யாருக்கும் ஆசியாட்டிகஸ் நினைவுக்கு வருவதில்லை. இரவில் முக்காடும் பொன்னிறப் பொய்முடியும் அணிந்து விலைமகளிர் விடுதிக்குப் போன பேரரசிதான் நினைவுக்கு வருகிறார்.

எதிரணித் தலைவர் உருக்கமாக விவரித்த அந்தக் காட்சியை எழுதியவர் ஜுவெனல். அவர் வரலாற்றாசிரியர் அல்லர், அங்கதக் கவிஞர். திருமணமே வேண்டாம் என்று ஓர் ஆண்மகனைத் தடுப்பதற்காகப் பெண்குலம் முழுவதையும் இழித்துரைக்கும் பாட்டில், மெசலினா இறந்து அறுபது ஆண்டுகளுக்கும் மேல் கழிந்த பிறகு, அவர் அதைப் பாடினார். அடுத்து இயற்கை வரலாறு எழுதிய ரோம அறிஞர் பிளினியைக் காட்டி, ஆண்டுதோறும் 5 கோடி செஸ்டர்ஸ் என்னும் ரோம நாணயம் இந்தியாவுக்குப் போகிறது என்று அவர் புலம்பியதை நம்புகிறோமே, இதை மட்டும் ஏன் நம்பக்கூடாது என்று கேட்டார்கள். நல்ல கேள்விதான். மெசலினா ஒரு விலைமகளோடு போட்டியிட்டு 25 பேரோடு கூடி வென்றார் என்ற செய்தியைப் பிளினி எங்கே எழுதியிருக்கிறார் என்று பார்த்துவிட்டு அவர்கள் கேட்டிருக்கலாம். விலங்குகளின் இனச்சேர்க்கையைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வருமிடத்தில் இடையே செருகியிருக்கிறார்.

தத்துவஞானி செனெக்காவோ மெசலினாவின் காலத்திலேயே வாழ்ந்தவர். கி.பி. 41இல் கோர்சிகா தீவுக்கு அவர் நாடு கடத்தப்பட்டது மெசலினாவின் தூண்டுதலால் என்பார்கள்; ஆகவே அவருக்கு மெசலினாவிடம் பகை இருந்திருக்க எல்லா நியாயமும் உண்டு. கிளாடியஸ் இறந்தபின் அவரை எள்ளி எழுதிய நூலில், வானுலக அவையில் முதல் ரோமப் பேரரசர் அகஸ்டஸ் எழுந்து, மெசலினாவைக் கொன்றாயே என்று கிளாடியஸ் மீதே குற்றம் சாட்டுவதாகத்தான் செனெக்கா எழுதுகிறார். விடுதிக் கதை அங்கே ஒரு வரிகூட இல்லை.

மெசலினாவுக்கும் சிலியஸ் என்ற ரோம உயர்குடியினருக்கும் நடந்த திருமணத்துக்கு வருகிறேன். கி.பி. 48இல் கணவர் ஓஸ்தியா துறைமுகத்துக்குப் போயிருந்தபோது, அடுத்த ஆண்டுக்குக் கான்சல் என்னும் உயர் பதவிக்குத் தேர்வாகியிருந்த ஒருவரைச் சாட்சிகளை வைத்து மணந்துகொள்வதைக் காமவெறி என்ற ஒரே சொல்லால் விளக்கிவிட முடியுமா? முந்தின ஆண்டு விழாவில் மெசலினாவின் மகன் பிரிட்டானிக்கஸைவிட, கிளாடியஸின் அண்ணன் மகளான அக்ரிப்பினாவின் மகன் நீரோவுக்கே மக்களின் ஆரவாரம் மிகுந்திருந்தது. பிரிட்டானிக்கஸைத் தத்தெடுத்துக்கொள்வதாகச் சிலியஸ் வாக்களித்தார் என்று ரோம வரலாற்றாசிரியர் டாசிடஸே குறிக்கிறார். மகனுடைய அரியணையைப் பற்றிய அச்சம் இங்கே கண்ணுக்குத் தெரிகிறது.

அந்தப் பாவப்பட்டவள் மறுநாள் வந்து தன் தரப்பைச் சொல்லட்டும் என்று, திருமணச் செய்தி கேட்டு ரோமுக்குத் திரும்பிய கிளாடியஸ் விருந்தின் நடுவே மனமிளகினார். அந்த மறுநாள் வந்துவிடக்கூடாது என்று, விடுதலை பெற்ற அடிமையான நார்சிசஸ் தாமே கொலையாணை பிறப்பித்தார். ஆசியாட்டிகஸிடமிருந்து பறித்த அதே லூகுல்லஸ் தோட்டத்தில் மெசலினா குத்திக் கொல்லப்பட்டார். அவர் பெயரையும் சிலைகளையும் பொது இடங்களிலிருந்தும் வீடுகளிலிருந்தும் அகற்றும்படி செனட் ஆணையிட்டது. ஆக, அவர் தரப்பு கேட்கப்படவும் இல்லை, எஞ்சவும் இல்லை.

எஞ்சியது யாருடைய தரப்பு? கி.பி. 49இல் கிளாடியஸை மணந்து, மறு ஆண்டே தம் மகன் நீரோவை அவருக்குத் தத்துமகனாக்கிய அக்ரிப்பினா தம் வாழ்க்கைக் குறிப்புகளை எழுதிவைத்தார். அவற்றைத் தாம் படித்ததாக டாசிடஸ் தம் கைப்படவே எழுதியிருக்கிறார். தங்கள் முதன்மைச் சாட்சியான டாசிடஸ், அந்த மாற்றாளின் ஏட்டிலிருந்து எவ்வளவு எடுத்துக்கொண்டார் என்பதை எதிரணியின் அடுத்த பேச்சாளர் இந்த அவையில் விளக்கட்டும். அதுவரை தீர்ப்பை எங்கள் பக்கம் வைத்திருக்குமாறு நடுவரை வேண்டுகிறேன்.