குழந்தை இயேசுவைத் தேட வைக்கும் நேப்பிள்ஸ் குடில்

[திரையில்: ஒரு பெரிய குடிலின் முழுக் காட்சி. பாறை, படிக்கட்டு, சத்திரம், நூற்றுக்கணக்கான சிறு உருவங்கள்]

வணக்கம். நீங்கள் பார்ப்பது ஒரு கிறிஸ்துமஸ் குடில். இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில், மலைமேல் இருக்கும் சான் மார்த்தீனோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இதில் குழந்தை இயேசு எங்கே என்று கண்டுபிடியுங்கள். ஐந்து விநாடி தருகிறேன்.

கிடைத்ததா? முதல் தடவை பார்க்கிறவர்களுக்கு அவ்வளவு சீக்கிரம் கிடைக்காது. சத்திரத்தில் தொங்கும் இறைச்சி கண்ணில் படும், காய்கறிக் கூடை படும், யாரோ வாத்தியம் வாசிப்பது படும். பெத்லகேம் என்று சொல்லிவிட்டு ஒரு சந்தையையே கட்டி வைத்திருக்கிறார்கள். இந்த வினோதம் எப்படி வந்தது என்பதுதான் இந்த வீடியோ.

[திரையில்: கிரேச்சோ மலைக் கிராமம்]

தொடக்கம் ரொம்ப எளிமையானது. 1223ஆம் ஆண்டு, ரோமுக்கு வடக்கே கிரேச்சோ என்ற மலைக் கிராமம். அசிசி நகர் பிரான்சிஸ் என்ற துறவி அங்கே கிறிஸ்துமஸ் இரவுக்கு ஓர் ஏற்பாடு செய்தார். ஒரு தீவனத்தொட்டி, அதில் வைக்கோல், பக்கத்தில் உயிருள்ள மாடு ஒன்று, கழுதை ஒன்று. அவ்வளவுதான். மாதா சுரூபம் இல்லை, அவர் கணவர் சூசையப்பர் இல்லை, குழந்தை பொம்மைகூட இல்லை. அங்கேயே திருப்பலி வழிபாடு நடந்தது. ஊர்மக்கள் தீப்பந்தம் பிடித்துக்கொண்டு வந்தார்கள். நம்மூர் தேவாலயங்களில் டிசம்பரில் குடில் வைக்கிறார்களே, அந்த வழக்கத்துக்கும் வேர் இங்கேதான்.

அந்த நூற்றாண்டு முடிவதற்குள் ரோமில் சாந்தா மரியா மாஜோரே பேராலயத்துக்காக ஆர்னோல்ஃபோ தி காம்பியோ என்ற சிற்பி பளிங்கில் உருவங்கள் செதுக்கிவிட்டார். அதன் பிறகு மரம், சுடுமண் என்று இத்தாலி முழுக்கக் குடில் பரவியது.

பிரான்சிஸ் காட்ட நினைத்தது இயேசு பிறந்த ஏழ்மையை. ஐந்நூறு வருடம் கழித்து நேப்பிள்ஸ் அதை என்ன செய்தது என்று பாருங்கள்.

[திரையில்: 18ஆம் நூற்றாண்டு நேப்பிள்ஸ் ஓவியம், பின்னால் வெசூவியஸ் எரிமலை]

1734இல் போர்போன் வம்சத்துக் கார்லோ நேப்பிள்ஸின் அரசரானார். அவருக்குக் குடில் என்றால் உயிர். அரசியும் அரண்மனைப் பெண்களும் உட்கார்ந்து பொம்மைகளுக்கு உடை தைத்தார்கள் என்று சொல்வார்கள். ராஜாவே இறங்கிவிட்டால் பிரபுக்கள் சும்மா இருப்பார்களா? யார் வீட்டுக் குடில் பெரியது என்று போட்டி தொடங்கியது. இன்னொரு பக்கம் ரோக்கோ என்ற டொமினிக்கன் துறவி, ஏழை வீடுகளிலும் குடில் வையுங்கள் என்று தெருத்தெருவாகப் பிரசங்கம் செய்துகொண்டிருந்தார். ஆக, மாளிகையிலிருந்து ஒண்டுக்குடித்தனம் வரை பைத்தியம் பிடித்துவிட்டது. 1787இல் அங்கே போயிருந்த ஜெர்மன் கவிஞர் கதே, நேப்பிள்ஸ்காரர்கள் மொட்டைமாடியில் குடில் அமைத்து, நிஜமான வெசூவியஸ் எரிமலையையே பின்னணியாகக் காட்டும் வழக்கத்தை எழுதி வைத்திருக்கிறார். செட் போடும் செலவு மிச்சம்!

[திரையில்: ஓர் உருவம், உடை இல்லாமல். சுடுமண் தலை, மரக் கை, நார் சுற்றிய உடல்]

சரி, பொம்மைக்கு வருவோம். எனக்கு இதில் பிடித்ததே இந்தப் பகுதிதான். அந்தக் காலத்து நேப்பிள்ஸ் உருவம் ஒன்றின் உடையைக் கழற்றினால் உள்ளே இப்படித்தான் இருக்கும். தலை சுடுமண். கண் கண்ணாடி. கையும் காலும் பெரும்பாலும் மரத்தில் செதுக்கியவை. உடம்பு? வெறும் இரும்புக் கம்பி, அதன்மேல் சணல் நார் சுற்றியிருக்கும். உயரம் சுமார் 35 முதல் 40 சென்டிமீட்டர்.

கம்பிக்கும் நாருக்கும் காரணம் இருக்கிறது. முழுவதும் மண்ணிலோ மரத்திலோ செய்தால் உருவம் ஒரே நிலையில்தான் நிற்கும். கம்பி உடம்பு என்றால் இடுப்பை வளைக்கலாம், கையைத் தூக்கலாம். போன வருடம் மீன் விற்றவரை இந்த வருடம் மண்டியிட வைக்கலாம். குடிலை வருடா வருடம் புதிதாக அமைக்க இது வசதி.

அப்புறம் முகங்கள். பல்லில்லாத கிழவி, கழுத்தில் கழலை தொங்கும் ஆள், வாயைப் பிளந்து கத்தும் வியாபாரி. நோயையும் முதுமையையும்கூட அப்படியே வடித்திருக்கிறார்கள். தேவதூதர்கள் அழகாகத்தான் இருக்கிறார்கள், ஆனால் ஒரே அச்சு. ஒரு நிமிடத்துக்கு மேல் என்னால் பார்க்க முடியவில்லை. அந்தக் கிழவியை விட்டுக் கண் நகராது. இதைச் செய்தவர்கள் யாரோ பொம்மைக்காரர்கள் மட்டும் இல்லை. மெல்லிய துணி போர்த்திய இயேசுவின் உடலை 1753இல் ஒரே பளிங்கில் செதுக்கிப் புகழ்பெற்ற ஜுசெப்பே சான்மார்த்தீனோவும் குடில் உருவங்கள் செய்தவர்தான். கூடை, பழம், பாத்திரம், வாத்தியம் என்று ஒவ்வொன்றுக்கும் தனி ஆட்கள் இருந்தார்கள். மெழுகில் பழம், விரல் நீளத்துக்கு மாண்டலின்.

[திரையில்: சத்திரம், நெருக்கத்தில்]

இப்போது அந்தச் சத்திரத்துக்கு வருவோம். மாதாவுக்கும் சூசையப்பருக்கும் சத்திரத்தில் இடம் கிடைக்கவில்லை என்று லூக்கா நற்செய்தி சொல்கிறது, இல்லையா? நேப்பிள்ஸ் கலைஞர்கள் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டார்கள். இடமில்லை என்று கதவைச் சாத்திய சத்திரத்தைத்தான் குடிலிலேயே மிகப் பகட்டாகக் கட்டினார்கள். பாலாடைக்கட்டி, ரொட்டி, ஒயின் பீப்பாய், சிரித்துக்கொண்டு நிற்கும் சத்திரக்காரர். அலங்காரத்துக்காக மட்டும் செய்தது என்று சிலர் சொல்லலாம். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். வெளியே பிள்ளை பிறந்திருக்கிறது, உள்ளே சாப்பாடு நடக்கிறது. இதைவிடக் கூர்மையாக அந்த வரியைக் காட்ட முடியுமா?

குழந்தை இருக்கும் இடத்தையும் கவனியுங்கள். மாட்டுக்கொட்டகை இல்லை, இடிந்த ரோமானியக் கோயில். பழைய ஓவியர்களும் இப்படி வரைந்ததுண்டு. ஆனால் நேப்பிள்ஸ்காரர்களுக்கு இது கண்ணெதிரே நடந்த சமாச்சாரம். 1738இல் ஹெர்குலேனியத்தையும் 1748இல் பொம்பெய்யையும் தோண்டத் தொடங்கியது அதே கார்லோவின் ஆட்சியில்தான். குழந்தையைப் பார்க்க வரும் மூன்று ராஜாக்களின் பின்னால் தலைப்பாகையும் பட்டு அங்கியுமாக ஒரு பெரிய கூட்டம் வருகிறதே, அதற்கும் ஊரில் முன்மாதிரி உண்டு: 1741இல் துருக்கிய சுல்தானின் தூதுக்குழு நேப்பிள்ஸ் அரசவைக்கு வந்திருந்தது. ஊரில் பார்த்ததையெல்லாம் குடிலுக்குள் கொண்டு வந்துவிட்டார்கள்.

சில பாத்திரங்கள் எல்லாக் குடிலிலும் உண்டு. ஒயின் பீப்பாய் வண்டியில் வரும் தொந்திக்காரர், துணி துவைக்கும் பெண், மலையிலிருந்து பைக்குழல் ஊதிக்கொண்டு இறங்கி வரும் இடையர்கள். உச்சியில் பெனினோ என்ற இடையன் தூங்கிக்கொண்டிருப்பான். மொத்தக் குடிலும் அவன் காணும் கனவு என்பார்கள். அதனால் அவனை எழுப்பக்கூடாது.

[திரையில்: மீண்டும் சான் மார்த்தீனோ குடில்]

1861இல் இத்தாலி ஒன்றானது. அதற்கு முன்பே போர்போன் ஆட்சி போய்விட்டது. பிரபுக்களின் சேகரிப்புகள் சிதறின; பல உருவங்கள் வெளிநாட்டுக்குப் போயின. மிக்கேலே குச்சினியெல்லோ என்பவர் தான் சேர்த்து வைத்திருந்ததை அருங்காட்சியகத்துக்குக் கொடுத்து, 1879இல் அமைத்ததுதான் நாம் முதலில் பார்த்த குடில்.

கைவினை சாகவில்லை. நேப்பிள்ஸின் பழைய நகரில் சான் கிரெகோரியோ அர்மேனோ என்ற குறுகிய தெரு முழுக்கக் குடில் கடைகள், வருடம் முழுவதும். தக்கைப் பட்டையில் செய்த பாறை, பாசி, மோட்டாரில் மாவு பிசையும் பீட்சாக்காரர், கால்பந்து வீரர் மாரடோனா, அந்த வருடம் செய்தியில் அடிபட்ட அரசியல்வாதி. பக்தியுள்ளவர்கள் சிலர் மாரடோனாவைப் பார்த்து முகம் சுளிப்பார்கள். துருக்கியத் தூதுக்குழுவையே உள்ளே விட்ட ஊர் இது. அவரை மட்டும் ஏன் வெளியே நிறுத்த வேண்டும்?

மற்ற ஊர்களில் வேறு பாணி: லெச்சேயில் காகிதக் கூழ், சிசிலியின் கால்தஜிரோனேயில் சுடுமண், வடக்கே ஓர்த்திசேயில் மரம். அவற்றுக்குத் தனி வீடியோ வேண்டும்.

வீடுகளில் டிசம்பர் 8, அமலோற்பவ மாதா திருநாளன்று குடில் வேலையைத் தொடங்குவார்கள். தொட்டி 24ஆம் தேதி இரவு வரை காலியாக இருக்கும். ராஜாக்கள் ஜனவரி 6 அன்றுதான் வந்து சேர்வார்கள். நேப்பிள்ஸ் போகிற எண்ணம் இருந்தால் டிசம்பரைத் தவிருங்கள். அந்தத் தெருவில் நடக்கவே இடம் இருக்காது. அக்டோபரில் போனால் பட்டறைகளில் வேலை நடப்பதை நின்று நிதானமாகப் பார்க்கலாம்.