குளவி கொட்டியதும் வேலை விபத்துதான்

(இலங்கையின் ஹட்டனில் தோட்டத் தொழிலாளர்களும் உத்தியோகத்தர்களும் சிறுதோட்ட உரிமையாளர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தாய்மாரே, சகோதரர்களே, தோட்ட உத்தியோகத்தர்களே,

மலையில் தேயிலைக் கொழுந்து பறிக்கும்போது குளவி கொட்டி ஒரு அம்மா விழுந்துவிட்டால், நாம் குடியிருக்கும் லயத்தில் முதலில் எழும் பேச்சு "அவங்க நேரம் சரியில்ல" என்பதுதான். அந்தப் பேச்சிலேயே அவருடைய உரிமை பாதி போய்விடுகிறது. 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச்சட்டம் யாருடைய நேரத்தையும் பார்ப்பதில்லை. வேலையின்போது, வேலையின் காரணமாக விபத்து நடந்ததா என்றுதான் பார்க்கிறது. அந்த அம்மாவை அந்தக் குளவிக்கூட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தியது எது? காலையில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கும் பெரட்டில் அவருக்குக் கொடுத்த மலைதானே!

துரைமார்மீது தவறு இருந்தால்தான் நட்டஈடு கிடைக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி எதையும் நிரூபிக்கத் தேவையில்லை. வழுக்கு மண்ணில் கால் சறுக்கினாலும், செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி கையில் பட்டாலும், தொழிற்சாலையில் ரோலரில் விரல் போனாலும் சட்டம் ஒன்றுதான். குடிபோதையால் வந்த காயம், பாதுகாப்புக்கு வைத்திருந்ததை வேண்டுமென்றே கழற்றியதால் வந்த காயம் போன்றவற்றுக்கு மட்டும் விலக்கு இருக்கிறது. ஆனால் ஆள் இறந்துபோனால் அந்த விலக்கைக் காட்டி முதலாளி தப்ப முடியாது. இதைத் தோட்டத் தலைவர்மார் நன்றாக மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

2022ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, வீட்டிலிருந்து வேலைக்கு வரும் வழியிலும் வேலை முடிந்து திரும்பும் வழியிலும் நடக்கும் விபத்துகளும் இதற்குள் வருகின்றன. 5,50,000 ரூபாயாக இருந்த உச்சத்தொகை 20 லட்சமானதும் அப்போதுதான். எல்லாருக்கும் 20 லட்சம் கிடைத்துவிடாது. சம்பளத்தையும், உழைக்கும் சக்தி எவ்வளவு போயிருக்கிறது என்பதையும் வைத்தே தொகை வரும்.

இனி மரண வீட்டுக்கு வருகிறேன், அங்கேதான் பெரிய அநியாயம் நடக்கிறது. பெட்டி இன்னும் வீட்டை விட்டுப் போயிருக்காது. அதற்குள் ஒருவர் உறையில் கொஞ்சம் காசோடு வந்து, "இதில் ஒரு கையெழுத்து வைங்க" என்பார். அழுதுகொண்டிருப்பவர் எதைப் படித்துப் பார்ப்பார்? இங்கே இருக்கும் முதலாளிமாருக்கு ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். மரணத்துக்கான நட்டஈட்டைத் தொழிலாளர் நட்டஈட்டு ஆணையாளரிடம்தான் கட்ட வேண்டும். இறந்தவரின் உழைப்பில் தங்கியிருந்தவர்களுக்கு அதைப் பிரித்துக் கொடுப்பவர் அவரே. நீங்கள் நேரில் கொடுத்த காசால் உங்கள் கடமை தீராது. "இனி எதுவும் கேட்கமாட்டேன்" என்று எழுதி வாங்கினாலும் சட்டத்தின் முன் அது நிற்காது. செத்த வீட்டுச் செலவுக்கு மனிதாபிமானத்தோடு உதவுங்கள், தடுப்பவர் யாருமில்லை. அந்த உதவிக்குக் கையெழுத்து எதற்கு?

சேமலாப நிதிக் காசையும் சிலர் இதோடு போட்டுக் குழப்புகிறார்கள். அது நீங்கள் உழைத்துச் சேர்த்த பணம், இது வேறு.

உரிமை பெரும்பாலும் நழுவுவது விபத்து நடந்த அன்றுதான். காயம் பட்டவரைத் தோட்டத்து வைத்தியசாலைக்கோ பெரிய ஆஸ்பத்திரிக்கோ கொண்டுபோனதும், "கொழுந்து பறிக்கும்போது குளவி கொட்டியது" என்று காரணத்தைச் சொல்லி வைத்தியத் துண்டில் எழுதச் சொல்லுங்கள். வெறும் "குளவி கொட்டியது" என்று இருந்தால் வீட்டு வாசலில் கொட்டியதா என்று பிறகு கேட்பார்கள். எந்த மலை, எத்தனை மணி, பக்கத்து நிரையில் நின்றவர் யார் என்று அன்றைக்கே எழுதி, தோட்ட ஒபிசுக்குக் கடிதமாகக் கொடுத்து, ஒரு பிரதியை வீட்டில் வையுங்கள். நாட்கூலியாகக் கைக்காசுக்கு வந்தவர்கள், "எனக்கு இதெல்லாம் இல்லை" என்று சும்மா இருந்துவிட வேண்டாம். கேளுங்கள்.

சிறுதோட்ட உரிமையாளர்களே, உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. ஒரே விபத்தில் ஒரு வருட வருமானம் போய்விடலாம். அதற்குத்தான் தொழிலாளர் நட்டஈட்டுக் காப்புறுதி இருக்கிறது. அதன் தவணைப் பணத்தை உரச் செலவோடு சேர்த்து வருடக் கணக்கில் எழுதுங்கள், ஆளின் சம்பளத்தில் வெட்ட வேண்டாம். வேலையைக் கொந்தராத்துக்காரரிடம் கொடுத்துவிட்டோமே என்று ஒதுங்கிவிடவும் முடியாது. உங்கள் தொழிலின் பகுதியான வேலையை அவர் ஆள் வைத்துச் செய்தாலும், அந்த ஆள் உங்களிடமே நட்டஈடு கேட்கலாம். அப்புறம் நீங்கள் அவரிடம் வாங்கிக்கொள்ளுங்கள்.

பழைய விபத்துத் துண்டுகளை வைத்திருப்பவர்கள் இப்போதே எடுத்து வாருங்கள், ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.